ஐயாவின் அம்பாசிடர், என் ஸ்விஃப்ட்: வீட்டிலேயே கார் வேலை பார்க்க என்ன சாமான் வாங்குவது?

#1 கானாடுகாத்தான் வாசி

அனைவருக்கும் வணக்கம். எனக்குச் சென்னையில் வேலை. மாதம் இருமுறை பல்லவன் ரயிலில் ஊருக்கு வருகிறேன். வீட்டின் பின்கட்டை ஒட்டி, முன்பு வில்வண்டி நின்ற கொட்டகையில் இப்போது இரண்டு கார்கள் நிற்கின்றன. ஒன்று ஐயா (தாத்தா) 1984இல் வாங்கிய அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல். மற்றொன்று 2014 ஸ்விஃப்ட், அதுவும் பெட்ரோல். அப்பச்சி (அப்பா) காரைக்குடிக்குப் போய்வர அதைத்தான் எடுக்கிறார்.

இரண்டையும் இனி நானே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். இன்ஜினைப் பிரிக்கும் ஆசை இல்லை. ஆயில் மாற்றுவது, ஃபில்டர் மாற்றுவது, சக்கரத்தைக் கழற்றி பிரேக் பார்ப்பது, அம்பாசிடருக்குக் கிரீஸ் அடிப்பது, பேட்டரியைக் கவனிப்பது, இவ்வளவுதான். கையில் 15,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். இணையத்தில் பார்த்து எழுதி வைத்திருக்கும் பட்டியல்: 216 உருப்படி உள்ள பாக்ஸ் ஸ்பானர் பெட்டி, பேட்டரியில் ஓடும் இம்பாக்ட் கன், ஓ.பி.டி. ஸ்கேனர் (காரின் கணினி பதிந்துவைத்த கோளாறைப் படிக்கும் கருவி), சக்கரம் வைத்த சாமான் அலமாரி.

ஐயாவின் தேக்குப் பெட்டி ஒன்றும் இருக்கிறது. உள்ளே பதினைந்து இருபது ஸ்பானர்கள், ஒரு கிரீஸ் கன், ஒரு பெரிய சுத்தியல். ஸ்பானர்களில் உள்ள எண்கள் எனக்குப் பிடிபடவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

#2 தேவகோட்டை டீசல்

நல்ல முடிவு. இம்பாக்ட் கன் கட்டாயம் வாங்குங்கள். நம் பக்கத்துச் செம்மண்ணில் சக்கர நட்டு துருவேறிப் பிடித்துக்கொள்ளும். கையால் மல்லுக்கட்டும் இடத்தில் அது ஐந்து நொடியில் கழற்றிவிடும். 216 உருப்படிப் பெட்டியும் நல்லதுதான். எந்த நேரம் எது தேவைப்படும் என்று சொல்ல முடியாது.

#3 காரைக்குடிப் பட்டறை

தம்பி, பட்டியல் முழுவதையும் பார்த்தேன். காரைத் தூக்கி நிறுத்த என்ன வைத்திருக்கிறீர்கள் என்று அதில் ஒரு வரிகூட இல்லையே? ஆயில் மாற்ற வேண்டுமென்றால் வண்டிக்கு அடியில் படுக்கத்தானே வேண்டும்? கொட்டகையில் தரை எப்படி? மண்ணா, சிமென்டா? அதை முதலில் சொல்லுங்கள். பிறகு ஸ்பானருக்கு வருவோம்.

#4 கானாடுகாத்தான் வாசி

அண்ணே, கொட்டகையில் பாதி மண் தரை. வீட்டை ஒட்டிய பாதியில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறார்கள். தூக்குவதற்கு ஸ்விஃப்டோடு வந்த ஜாக்கி இருக்கிறது. பின்பக்கச் சுவர் இடிந்தபோது எடுத்துவைத்த செம்புறாங்கல் நிறைய அடுக்கியிருக்கிறது. அதைக் கொடுத்து நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

#5 காரைக்குடிப் பட்டறை

அந்த நினைப்பை இன்றே விட்டுவிடுங்கள். சும்மா பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை.

நான் தொழில் கற்றுக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பட்டறையில் கண்ணெதிரே நடந்தது. பின்சக்கரம் கழற்றிய ஒரு காருக்கு அடியில் இரண்டு செம்புறாங்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஜாக்கியை இறக்கி, வண்டியை அதன்மேல் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் அசையாமல்தான் நின்றது. எங்கள் மூத்த கையாள் உள்ளே கையை விட்டு பிரேக் டிரம்மை ஒரு தட்டுத் தட்டினார். விரிசல் விட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை. மாவு பிடிப்பதுபோல் மேல்கல் அப்படியே பொடிந்து வண்டி சரிந்தது. கழற்றிய சக்கரத்தைப் படுக்க வைத்து வண்டியின் ஓரத்துக்கு அடியில் தள்ளிவைத்திருந்தார்கள். வண்டி அதன்மேல் உட்கார்ந்ததால் அவருடைய கை தப்பியது. இன்றுவரை என் பட்டறையில் கழற்றிய சக்கரம் சுவரோரம் போகாது, வண்டிக்கு அடியில்தான் போகும்.

செம்புறாங்கல் சுவருக்கு நல்ல கல். பாரம் பரந்து இறங்கினால் நூறு ஆண்டு தாங்கும். காரின் ஓரத்தில் இருக்கும் தகடு விரற்கடை அகலம்கூட இராது. அந்த முனையில் பாரம் முழுவதும் இறங்கினால் கல் நிற்காது. செங்கல்லும் அப்படித்தான், சிமென்ட் ஹாலோ பிளாக்கும் அப்படித்தான்.

வண்டியோடு வரும் ஜாக்கி வழியில் பஞ்சரானால் சக்கரம் மாற்றுவதற்கு மட்டும். அதை வைத்துத் தூக்கிவிட்டு அடியில் தலையை விடக்கூடாது. நீங்கள் வாங்க வேண்டியது, முதலில் இரண்டு டன் டிராலி ஜாக்கி ஒன்று. அதோடு மூன்று டன் ஸ்டாண்ட் ஒரு ஜோடி. ஸ்விஃப்ட் ஏறத்தாழ ஒரு டன், அம்பாசிடர் அதைவிடக் கொஞ்சம் அதிகம். இந்தச் சாமான் இரண்டுக்கும் போதும். டிராலி ஜாக்கி ஆயிலின் அழுத்தத்தில் நிற்பது. உள்ளே இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்தால் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கும். அதனால் தூக்கியவுடன் ஸ்டாண்டைக் கொடுத்து, வண்டியை அதன்மேல் இறக்கிவிட வேண்டும். பிறகு பக்கவாட்டில் கையை வைத்து நன்றாக ஒரு தடவை தள்ளிப் பாருங்கள். சரிவதாக இருந்தால் நீங்கள் வெளியே நிற்கும்போதே சரியட்டும்.

மேலே ஏறாத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். அதைக் கடையில் வாங்க வேண்டாம். ஆசாரியிடம் சொன்னால் வேலங்கட்டையில் முக்கோணமாக நான்கு அறுத்துக் கொடுத்துவிடுவார்.

#6 புதுவயல் மில்

பட்டறை அண்ணன் சொன்னதோடு தரையைப் பற்றியும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்ட ஓடு இல்லை. கண்ணாடிமேல் வண்ணக் கலவை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டுக் கையால் அழுத்தி எடுத்து, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைப்பது. நடந்தால் வழவழவென்று இருக்கும். ஸ்டாண்டின் நான்கு கால்களும் நான்கு புள்ளிகளாக உட்கார்ந்தால் கீறலும் விழும், உடையவும் செய்யும். அந்தப் பழைய டிசைனுக்கு ஜோடி தேடி அலைவது பெரும்பாடு. எங்கள் வீட்டு முகப்பில் ஒரு கல் அப்படிப் போனது, இன்னும் வெற்றுச் சிமென்டாகத்தான் இருக்கிறது.

18 மி.மீ. பிளைவுட் பலகை, இரண்டடிக்கு இரண்டடி, நான்கு துண்டு வெட்டி வாங்குங்கள். ஸ்டாண்டுக்கு அடியில் ஒவ்வொன்று. மண் தரையில் இன்னும் அவசியம். மழை பெய்த மறுநாள் நம் செம்மண் மேலே காய்ந்த மாதிரித் தெரியும், உள்ளே களியாக இருக்கும். ஒரு கால் மட்டும் மெல்லப் புதைந்தால் வண்டி சாய்ந்துவிடும். டிராலி ஜாக்கிக்கும் பலகை வேண்டும், ஏனென்றால் தூக்கும்போது அது முன்னால் உருள வேண்டும். மண்ணில் உருளாது, வண்டியைத்தான் இழுக்கும்.

#7 பள்ளத்தூர் ஆச்சி

என் ஆல்டோவை ஒன்பது ஆண்டுகளாக நானே பார்த்துக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் இரும்புச் சாமானையே சொல்கிறார்கள். வீட்டில் இருக்கும் சாமானைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஐந்தடுக்கு டிபன் கேரியர் ஒன்று எல்லார் வீட்டிலும் சும்மா கிடக்கும். அதை எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி. முதலில் கழற்றியது கீழ் அடுக்கு, அடுத்தது அதன்மேல், இப்படியே வரிசையாகப் போடுங்கள். மாட்டும்போது மேலிருந்து எடுத்துக்கொண்டே வாருங்கள். எந்த போல்ட் எந்த இடத்துக்கு என்று யோசிக்கவே வேண்டாம். நடுவில் மழை வந்தாலும், விருந்தாளி வந்தாலும், பூட்டிவைத்துவிட்டு மறுநாள் தொடரலாம். பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை ஓர் எவர்சில்வர் தட்டின் அடியில் ஒட்டினால், வேலை நடக்கும்போது நட்டு உருளாமல் தட்டிலேயே பிடித்துக்கொள்ளும். எங்கள் அப்பத்தாவின் எனாமல் தாம்பாளத்தில்தான் பிரேக் சாமான்களைக் கழுவுகிறேன். ஒரு விஷயம், இப்படி எடுத்த பாத்திரம் திரும்பச் சமையலறைக்குப் போகக்கூடாது. சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

விளக்குக்கு, தலையில் மாட்டிக்கொள்ளும் எல்.இ.டி. ஒன்று போதும். இரண்டு கையும் காலியாக இருக்கும். பழைய குண்டு பல்பு வயரில் தொங்கும் விளக்கு வேண்டாம். சூடான பல்பில் ஒரு சொட்டுப் பெட்ரோல் பட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் கொட்டகையின் கூரை தேக்கு உத்திரம்தானே? அந்தக் கொட்டகை வாசலில் இரண்டு கிலோ பவுடர் தீயணைப்பான் ஒன்றை மாட்டாமல் முதல் போல்ட்டைக் கழற்றாதீர்கள்.

இன்னொன்று. வேட்டி, துண்டு, தொங்கும் சங்கிலி எதுவும் வேண்டாம். இன்ஜின் ஓடும்போது பெல்ட் ஒரு நூலைப் பிடித்தால் போதும். மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். பேட்டரியின் முனையில் ஸ்பானரை வைத்துத் திருகும்போது மோதிரம் பாடியில் உரசினால், தங்கம் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு விரலைச் சுற்றி வளையமாக வடு இருக்கிறது.

#8 கானாடுகாத்தான் வாசி

ஆச்சி, எங்கள் வீட்டில் இரட்டை இலக்கத்தில் கேரியர்கள் இருக்கின்றன. ஒன்றுக்குச் சிவப்புக் கோடு போட்டாகிவிட்டது.

இன்று காலையில் ஒரு தவறு செய்துவிட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன். அம்பாசிடரின் கார்புரேட்டர் பக்கம் ஒரு பிராக்கெட் தளர்ந்திருந்தது. ஸ்விஃப்டுக்காக வைத்திருந்த 12 ஸ்பானரைப் போட்டேன், ஏறவில்லை. 13 ஏறியது, கொஞ்சம் ஆட்டத்தோடு. அழுத்தித் திருகினேன். வழுக்கிக்கொண்டு போய், போல்ட்டின் ஆறு மூலையில் இரண்டு மழுங்கிவிட்டது. புது ஸ்பானர், நல்ல எஃகுதான். ஏன் இப்படி?

#9 காரைக்குடிப் பட்டறை

தம்பி, ஸ்பானரில் குறை இல்லை. அந்த போல்ட் 1/2 அங்குலம். அதாவது 12.7 மி.மீ. 12 ஏறாது, 13 ஆடும். மார்க் 4 பெட்ரோல் வண்டியில் இருப்பது 1489 சி.சி. இன்ஜின், இங்கிலாந்து வடிவமைப்பு. நட்டு, போல்ட்டு பெரும்பாலும் அங்குலக் கணக்குதான். 9/16 என்றால் 14.29 மி.மீ., அதற்கு 14 ஏறாது, 15 வழுக்கும். 3/4 அங்குலத்துக்கு 19 சரியாக உட்காரும், 5/16க்கு 8 உட்காரும். இந்த இரண்டு பொருத்தத்தைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் எல்லாவற்றுக்கும் மி.மீ. ஸ்பானரைப் போட்டு மூலையை மழுக்கிவிடுகிறார்கள். 1990களில் வந்த 1800 சி.சி. இசுசு இன்ஜின் வைத்த அம்பாசிடரென்றால் கதை வேறு, அதில் மி.மீ. கணக்கு.

இப்போது ஐயாவின் பெட்டியைத் திறந்து, ஸ்பானர்களை மண்ணெண்ணெயில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, எண்களைப் படித்துச் சொல்லுங்கள்.

#10 கானாடுகாத்தான் வாசி

படித்துவிட்டேன், அண்ணே. 5/16, 3/8, 7/16, 1/2, 9/16, 5/8, 3/4. ரிங் ஸ்பானரில் ஒரு வரிசை, வாய் ஸ்பானரில் ஒரு வரிசை. 1/2 ரிங் ஸ்பானரில் மட்டும் நடுத்தண்டு பளபளவென்று தேய்ந்து, கட்டைவிரல் உட்காரும் இடத்தில் லேசான பள்ளம் விழுந்திருக்கிறது. ஐயா இடக்கைக்காரர். அந்தப் பள்ளம் என் வலக்கைக்குப் பொருந்தவில்லை, இடக்கையில் பிடித்தால் பொருந்துகிறது. அதை வைத்துத் திருகினேன். மீதியிருந்த நான்கு மூலையைப் பிடித்துக்கொண்டு போல்ட் சத்தமில்லாமல் கழன்றது.

#11 காரைக்குடிப் பட்டறை

அப்படியென்றால் அம்பாசிடருக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு இல்லை. ஐயா உங்களுக்கு முழுச் செட்டையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இன்று அங்குல ஸ்பானரைக் கடையில் கேட்டால் தேடித்தான் எடுக்க வேண்டும். ஒரு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயின்ட்டின் இடைவெளி பார்க்க 0.015 அங்குலத் தகடு அடிக்கடி தேவைப்படும். கிரீஸ் கன்னைப் பிரித்துக் கழுவிப் பாருங்கள், வாஷர் காய்ந்திருக்கும்.

நீங்கள் அந்த ஸ்விஃப்ட் வாங்கிய 2014இல்தான் உத்தரபாராவில் அம்பாசிடர் உற்பத்தியே நின்றது. இரண்டு வண்டியும் ஒரே கொட்டகையில் நிற்கிறது என்று படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

ஸ்விஃப்டுக்கு 8 முதல் 19 வரை ரிங்கும் வாயும் சேர்ந்த காம்பினேஷன் ஸ்பானர் ஒரு செட் வாங்குங்கள். தபாரியா போன்ற நம் நாட்டுச் சாமானே போதும், குரோம் வனேடியம் என்று அடித்திருக்க வேண்டும். பாக்ஸ் ஸ்பானரில் 3/8 அங்குல டிரைவ் ராட்செட் (கழற்றி மாட்டாமல் ஆட்டி ஆட்டித் திருகும் கைப்பிடி) ஒன்று, 10, 12, 14, 17 ஆகிய நான்கு சாக்கெட், ஒரு நீட்டுக் கம்பி. சாக்கெட் ஆறு மூலை உள்ளதாக இருக்கட்டும். பன்னிரண்டு மூலை சாக்கெட் மாட்டுவதற்குச் சுலபம், துருப்பிடித்த போல்ட்டில் மூலையை மழுக்கும். 216 உருப்படியில் ஐந்தாண்டில் நீங்கள் தொடப்போவது இருபதைத்தான். அதே பணத்துக்கு அந்த இருபதையும் நல்லதாக வாங்கலாம். பிறகு ஒரு வேலைக்கு ஒரு சாமான் இல்லையென்றால், அன்றைக்கு அந்த ஒன்றை மட்டும் போய் வாங்குங்கள்.

#12 தேவகோட்டை டீசல்

பட்டறை அண்ணன் சொல்வதை 216 உருப்படி விஷயத்தில் ஏற்றுக்கொள்கிறேன். என் பெட்டியை நேற்று திறந்து எண்ணிப் பார்த்தேன். எண்ணெய்க் கறை படிந்த சாக்கெட் பதினெட்டு. மற்றவை வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்கின்றன.

இம்பாக்ட் கன்னை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிடித்துப்போன நட்டில் எல் ஹேண்டிலை மாட்டி, அதில் குழாயைச் சொருகி ஏறி நின்றால், நட்டு ஏறியிருக்கும் ஸ்டட் முறிகிறது. கன் தட்டித் தட்டிக் கழற்றுவதால் துரு உடைந்து விடுபடுகிறது. ஆனால் வாங்குபவர்கள் கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட்டையும் சேர்த்து வாங்க வேண்டும். பளபளக்கும் குரோம் சாக்கெட்டை அதில் மாட்டினால் வெடித்துச் சில்லு முகத்தில் அடிக்கும். கண்ணாடி அணியாமல் அதைத் தொடக்கூடாது.

#13 காரைக்குடிப் பட்டறை

தேவகோட்டைத் தம்பி சொல்வது கழற்றுவதற்குச் சரி. மாட்டுவதற்கு வேண்டாம். கன்னால் இறுக்கிய சக்கரத்தை வழியில் பஞ்சரான இடத்தில் வண்டியோடு வந்த எல் ஸ்பானரால் கழற்ற முடியாமல் தவித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மாதம் இருமுறை வருகிறவருக்கு அந்தப் பணத்தில் ஒரு டார்க் ரெஞ்ச் (குறித்த அளவு இறுக்கம் வந்ததும் சொல்லும் ஸ்பானர்) வாங்குவது மேல். 1/2 அங்குல டிரைவ், 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை. ஸ்விஃப்ட் சக்கர நட்டுக்கு 19 சாக்கெட். எவ்வளவு இறுக்கம் என்பதை வண்டியின் கையேட்டில் பார்த்து, குறுக்குக் குறுக்காக இரண்டு சுற்றில் இறுக்குங்கள். 'டக்' என்றவுடன் நிறுத்திவிட வேண்டும். இன்னொரு தடவை இழுக்கக்கூடாது. வேலை முடிந்ததும் அளவைக் குறைந்த எண்ணுக்குத் திருப்பி வைக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் சோர்ந்துவிடும். அதை வைத்து எதையும் கழற்றக்கூடாது.

#14 சிக்ரி சாலை

இடையில் வருகிறேன். என் தொழில் பேட்டரி. 1953இலிருந்து துருவையும் பேட்டரியையும் ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) நம் காரைக்குடியில் இருக்கிறது. நம் வீடுகளில் வண்டிகள் வீணாவதும் பெரும்பாலும் அந்த இரண்டால்தான். ஊரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் திறக்கிறார்கள். வந்தவுடன் காரை எடுக்கிறார்கள், கிளம்புவதில்லை, உடனே புது பேட்டரி வேண்டும் என்கிறார்கள். பல நேரம் அதற்குத் தேவையே இல்லை.

ஸ்கேனருக்கு முன்னால் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து பேட்டரியில் வைத்தால் 12.6 வோல்ட் என்றால் நிறைவாக இருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே அப்படியே வாரக்கணக்கில் விட்டால் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும், பிறகு சார்ஜ் ஏறாது. இன்ஜின் ஓடும்போது 14ஐ ஒட்டி வர வேண்டும். வரவில்லையென்றால் குறை, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பக்கம். இந்த நான்கு எண்ணையும் கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள்.

அம்பாசிடர் மாதக்கணக்கில் நிற்கிறது என்றால் பேட்டரி முனையில் மாட்டும் கட்-ஆஃப் சுவிட்ச் ஒன்று போடுங்கள். கழற்றும்போது பாடியோடு இணைந்த முனையை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். அப்போதுதான் ஸ்பானர் தவறிப் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. சார்ஜ் போடும்போது ஹைட்ரஜன் வரும், கதவு திறந்திருக்கட்டும்.

ஸ்கேனரைக் கைவிட வேண்டியதில்லை. உங்கள் 2014 வண்டியில் அதற்கான இணைப்பு இருக்கிறது. எச்சரிக்கை விளக்கு எரியும் நாளில் வாங்கிக்கொள்ளலாம்.

#15 கானாடுகாத்தான் வாசி

மல்டிமீட்டரை எழுதிக்கொண்டேன். பழைய ஆயிலை என்ன செய்வது? பின்வாசல் தெருவில் சாக்கடை ஓரமாக ஊற்றிவிடலாமா?

#16 பள்ளத்தூர் ஆச்சி

ஊற்றாதீர்கள், தம்பி. இதைக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

உங்கள் வீட்டைக் கட்டிய பெரியவர்கள் ஒரு சொட்டு மழைநீரைக்கூட வீணாக்கவில்லை. ஓட்டுச் சரிவில் விழும் தண்ணீர் வளவுக்கு, அதாவது நடு முற்றத்துக்கு, வரும். வளவிலிருந்து அண்டாவுக்கும் கிணற்றுக்கும் போகும். மிஞ்சியது வாய்க்கால் வழியாகத் தெருவுக்கு வந்து ஊருணியில் சேரும். ஆறு இல்லாத இந்தப் பூமியில் அத்தனை பெரிய வீடுகளும் அத்தனை கல்யாணங்களும் நடந்தது அந்த ஊருணியை நம்பித்தான். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊருணியில் குடிநீருக்குத்தான் இறங்குவோம். கால் கழுவினால் ஆத்தா அடிப்பார். நீங்கள் சாக்கடை என்று சொல்லும் அந்தப் பின்வாசல் ஓடையை மழை பெய்யும் நாளில் ஒருமுறை பின்தொடர்ந்து நடந்து பாருங்கள், எங்கே போகிறது என்று தெரியும்.

ஸ்விஃப்டில் மூன்று லிட்டருக்குச் சற்று மேல் இருக்கும். அம்பாசிடரில் நான்கு லிட்டருக்கு மேல். தண்ணீரின்மேல் படலமாகப் பரவ அதில் ஒரு கைப்பிடி போதும். பயன்படுத்திய ஆயிலில் இன்ஜினின் உலோகத் துகளும் கரியும் கலந்திருக்கிறது. அதனால்தான் சட்டமே அதை அபாயக் கழிவு என்று வைத்திருக்கிறது.

ஆகவே உங்கள் பட்டியலில் ஸ்பானருக்கு முன்னால் ஓர் ஆயில் தட்டை எழுதுங்கள். எட்டு லிட்டர் கொள்ளளவு, உயரம் குறைவு, ஒரு மூலையில் ஊற்றுவாய். அகலமாக இருக்க வேண்டும், ஏனென்றால் போல்ட்டைக் கழற்றியவுடன் ஆயில் நேராகக் கீழே விழாது, ஒரு முழம் தள்ளிப் பீய்ச்சும். வேகம் குறையக் குறையத்தான் பின்னால் வரும். தட்டைச் சற்று முன்தள்ளி வைத்துவிட்டு, பிறகு நகர்த்த வேண்டும். ஆயில் வடிய அரை மணி நேரம் விடுங்கள். புது ஆயில் வந்த கேனிலேயே புனல் வைத்துப் பழைய ஆயிலை ஊற்றி, மூடி இறுக்கி, மேலே 'பழையது' என்று எழுதுங்கள். காரைக்குடியில் பெரிய பட்டறைகளில் டிரம் வைத்திருப்பார்கள், மறுசுழற்சிக்கு எடுத்துப்போகிறவர்கள் வந்து வாங்குவார்கள். நான் ஆண்டுக்கு ஒருமுறை மூன்று கேன் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கரையானுக்கு என்று வேலிக் கம்பத்திலும் மண்ணிலும் ஊற்றுகிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. அதையும் செய்யாதீர்கள்.

#17 புதுவயல் மில்

ஆச்சி சொன்னதற்குப் பிறகு எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஒரு கோணி உமி வைத்துக்கொள்ளுங்கள். புதுவயலில் ரைஸ் மில்லுக்குப் பஞ்சமில்லை. வேலை தொடங்கும் முன்னால் வண்டிக்கு அடியில் பழைய பிளெக்ஸ் விரிப்பைப் போட்டு, அதன்மேல் ஆயில் தட்டை வையுங்கள். எங்கே சிந்தினாலும் உமியைக் கொட்டிப் பத்து நிமிடம் விட்டுக் கூட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது வாய்க்காலுக்குத்தான் போகும். ஆத்தங்குடிக் கல்லில் ஆயில் ஊறிவிட்டால் எதைப் போட்டாலும் கறை முழுதாகப் போகாது, கறுத்தே நிற்கும்.

#18 கானாடுகாத்தான் வாசி

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

வாங்கியவை: டிராலி ஜாக்கி, மூன்று டன் ஸ்டாண்ட் ஒரு ஜோடி, ஆயில் தட்டு, புனல், காம்பினேஷன் ஸ்பானர் செட், ராட்செட்டும் நான்கு சாக்கெட்டும், டார்க் ரெஞ்ச்சும் 19 சாக்கெட்டும், ஆயில் ஃபில்டர் கழற்றும் பட்டை ஸ்பானர், மல்டிமீட்டர், தலை விளக்கு, தீயணைப்பான், நைட்ரைல் கையுறை ஒரு பெட்டி, ஃபீலர் கேஜ். ஒதுக்கிய தொகையைவிட ஆயிரத்துச் சொச்சம் கூடிவிட்டது. பிளைவுட் வீட்டிலேயே இருந்தது. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை ஒன்றில், சாமானைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் ஒன்று பார்த்தேன், பிடி தேய்ந்திருந்தாலும் தாடை நேராக இருந்தது. அடுத்த மாதம் அது.

நேற்று ஸ்விஃப்டுக்கு ஆயில் மாற்றினேன். கட்டை வைத்து, தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, அண்ணன் சொன்னபடி தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. அதன்பிறகும் அடியில் படுக்க ஐந்து நிமிடம் ஆயிற்று எனக்கு. அப்பச்சி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். போல்ட் விடுபட்டதும் ஆச்சி சொன்ன அதே தூரத்தில்தான் ஆயில் பீய்ச்சியது. தட்டு சரியான இடத்தில் இருந்தது. தரையில் ஒரு சொட்டுகூட இல்லை.

ஒரு சந்தேகம். புது ஃபில்டரின் ரப்பரில் ஆயில் தடவி, தொட்டபிறகு முக்கால் சுற்று கையால் இறுக்கினேன். இன்ஜினை ஓடவிட்டால் ஃபில்டரின் விளிம்பில் மெல்லக் கசிகிறது. இன்னும் இறுக்கலாமா?

#19 காரைக்குடிப் பட்டறை

இறுக்காதீர்கள். இன்ஜினை உடனே நிறுத்துங்கள். கழற்றிய பழைய ஃபில்டரை எடுத்துப் பாருங்கள். அதன் முகத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா?

#20 கானாடுகாத்தான் வாசி

இல்லை!

#21 காரைக்குடிப் பட்டறை

அப்படியென்றால் அது இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் அதன்மேல் இரண்டாவது ரப்பரை வைத்து மூடியிருக்கிறீர்கள். ரோட்டில் வேகமாகப் போகும்போது அழுத்தத்தில் ஒரு ரப்பர் பிதுங்கினால் மொத்த ஆயிலும் நிமிடத்தில் கொட்டிவிடும். இன்ஜின் ஆறட்டும். தட்டை அடியில் வைத்து, புது ஃபில்டரைக் கழற்றி, அந்த முகத்தை விரலால் தடவிப் பழைய வளையத்தை உரித்து எடுங்கள். பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிட்டு மீண்டும் அதே முக்கால் சுற்று. எவ்வளவு ஆயில் கொட்டியதோ அதை டிப்ஸ்டிக் பார்த்து ஊற்றுங்கள்.

#22 கானாடுகாத்தான் வாசி

இருந்தது, அண்ணே. கறுத்து, தட்டையாகி, இன்ஜினோடு இன்ஜினாக ஒட்டியிருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத்தான் தட்டுப்பட்டது. எடுத்துவிட்டேன். இருபது நிமிடம் ஓடவிட்டுக் காகிதம் வைத்துப் பார்த்தேன், உலர்ந்தே இருக்கிறது. அப்பச்சி இன்று காலையில் குன்றக்குடி வரை போய்விட்டு வந்தார். வந்தபிறகும் பார்த்தேன், கசிவு இல்லை.

அடுத்த முறை அம்பாசிடருக்குக் கிரீஸ் அடிக்க வேண்டும். ஐயாவின் கிரீஸ் கன்னைப் பிரித்தேன். வாஷர் தூளாகக் கொட்டிவிட்டது.

#23 காரைக்குடிப் பட்டறை

தோல் வாஷர்தான் அதற்கு. பட்டறையில் இரண்டு வைத்திருக்கிறேன். பழைய ஆயில் கேனைக் கொடுக்க வரும்போது கன்னையும் எடுத்து வாருங்கள், மாட்டித் தருகிறேன்.